பேலியோ உணவுக்கு மாறும்போது கடும் உடற்பயிற்சிக்குத் தெம்பு குறையாமல் சாப்பிடுவது எப்படி?

சென்னையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்பவர்களில் பலர் ஏதேனும் ஒரு கட்டத்தில், கற்கால மனிதர் உண்டதாகக் கருதப்படும் உணவைப் பின்பற்றும் பேலியோ முறையை முயன்று பார்க்கிறார்கள். இட்லி, தோசை, சோறு, சப்பாத்தி, பருப்பு, பால், சர்க்கரை அனைத்தையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, முட்டையும் இறைச்சியும் காய்கறியும் பாதாமுமாகத் தட்டை மாற்றிக்கொண்டு, மறுநாள் விடியற்காலையில் வழக்கமான எடையைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சிக்கு நிற்கிறார்கள். முதல் வாரத்திலேயே உடல் எடை இரண்டு மூன்று கிலோ இறங்குகிறது. கூடவே தூக்கும் எடையும் ஓடும் வேகமும் இறங்குகின்றன. தலைவலி, கெண்டைக்காலில் பிடிப்பு, இரண்டு மாடி ஏறுவதற்குள் களைப்பு என்று ஒவ்வொன்றாக வந்து சேர, மூன்றாவது வாரம் பரோட்டாவுக்கே திரும்பிவிடுகிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்குத் தொல்லை தருவது உணவு முறை அன்று. தானியத்தை நிறுத்தியபோது கூடவே மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) முழுவதையும் நிறுத்திவிட்டதும், வியர்வையில் போன உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளாததுமே காரணம். இவ்விரண்டையும் சரிசெய்துகொண்டால் பேலியோவையும் கடும் பயிற்சியையும் ஒருசேர நடத்த முடியும்.

தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் பரவியிருப்பது பெரும்பாலும் குறைந்த மாவு, நிறைந்த கொழுப்பு உணவு முறையாகும். உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் குறைக்க விரும்பியவர்களிடையே அது பரவியதால், கிழங்கும் வாழைப்பழமும் விலக்கப்பட்டவற்றின் வரிசையில் சேர்ந்துவிட்டன. நெய்யும் பனீரும் அனுமதிக்கப்பட்டன. ஆனால் இந்த உணவுக் கருத்தை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த கட்டுரையை 1985-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் எழுதிய பாய்ட் ஈட்டன், மெல்வின் கோனர் ஆகிய இருவரும், கற்கால மனிதரின் உணவில் ஆற்றலின் ஏறத்தாழ 45 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வந்திருக்கும் என்றே மதிப்பிட்டிருந்தார்கள். வேட்டையாடித் திரிந்தவர்கள் கிழங்கு தோண்டியும் பழம் பறித்தும் தேன் எடுத்தும் உண்டவர்களே. ஆகவே வாரத்தில் நான்கைந்து நாள் மூச்சு முட்டப் பயிற்சி செய்கிற ஒருவர் சர்க்கரைவள்ளிக் கிழங்கை உண்பதால் பேலியோவிலிருந்து விலகிவிடுவதில்லை. எடை குறைப்பதற்கான பேலியோ பட்டியலைக் கபடி ஆடுபவரும் சிலம்பம் சுற்றுபவரும் அப்படியே எடுத்துக்கொள்வதுதான் பொருந்தாதது.

முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்பவர்களும் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்துவிட்டுக் கடும் பயிற்சி செய்தால் இரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை உண்பவர்களுக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது: மாவுச்சத்து மிகவும் குறைந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடிவிடும் நிலை வரலாம். இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். இவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கருவுற்றிருப்பவர்களும், பாலூட்டும் தாய்மார்களும் தங்கள் மருத்துவரிடம் பேசாமல் உணவை மாற்றவே கூடாது. முன்பு சிறுநீரகக் கல் வந்தவர்கள், காலை உணவாக நூறு பாதாம் உண்ணும் வழக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. பாதாமில் சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் மிகுதி, சென்னை வெயிலில் உடலில் நீர் வற்றுவதும் மிகுதி.

தசை எதைக் கொண்டு வேலை செய்கிறது

கனமான எடையை ஒரு முறை தூக்குவதற்கும், சில விநாடி முழு வேகத்தில் ஓடுவதற்கும் தசையில் தயாராக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற ஆற்றல் இருப்பு போதும். அதைத் தாண்டி அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று மூச்சிரைக்கச் செய்யும் எந்தப் பயிற்சிக்கும் கிளைக்கோஜன் தேவை. மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் குளுக்கோஸைத் தசையும் கல்லீரலும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கின்றன; தசைகளில் 300 முதல் 500 கிராம் வரையும் கல்லீரலில் சுமார் 100 கிராமும் இருக்கும். கொழுப்பு உடலில் ஏராளமாக இருந்தாலும், ஆக்சிஜன் இல்லாமல் அதை எரிக்க இயலாது. எரியும் வேகமும் குறைவு. மெரினாவில் நடைப்பயிற்சி செய்பவருக்குக் கொழுப்பே போதுமானது. அதே மணலில் நூறு மீட்டர் ஓட்டத்தைப் பத்து முறை திரும்பத் திரும்ப ஓடுகிறவருக்குப் போதாது.

இது ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராயப்பட்டுவரும் செய்தி. 1967-இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஊசி வழியே தசையின் சிறு துணுக்கை எடுத்துக் கிளைக்கோஜனை அளந்தபோது, மாவுச்சத்து மிகக் குறைந்த உணவை மூன்று நாள் உண்டவர்கள், வழக்கமான உணவை உண்டபோது மிதித்த நேரத்தில் ஏறத்தாழப் பாதியிலேயே சைக்கிள் மிதிக்க முடியாமல் ஓய்ந்துபோனார்கள். உடல் கொழுப்புக்குப் பழகிவிட்டால் இந்தக் குறை தீர்ந்துவிடும் என்று பலர் சொல்வதுண்டு. ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் தலைமையிலான குழு, உலகத் தரம் வாய்ந்த வேகநடை வீரர்களைக் கொண்டு இதைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டது. மூன்று வாரம் கொழுப்பு மிகுந்த உணவை உண்ட வீரர்களின் உடல் கொழுப்பை மிக நன்றாகவே எரிக்கப் பழகியது. ஆனால் அதே வேகத்தில் நடக்க அவர்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டது, 10 கிலோமீட்டர் போட்டி நேரமும் முன்னேறவில்லை. மாவுச்சத்து உண்டு பயிற்சி செய்தவர்கள் முன்னேறினார்கள். மெதுவாக நெடுந்தூரம் போகிறவர்களுக்குக் குறைந்த மாவு ஒத்துவரலாம். வேகமும் விசையும் வேண்டுபவர்கள் அதற்காக விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

முதல் வாரத்தில் குறையும் எடையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கிளைக்கோஜன் தீர்ந்தால் அந்தத் தண்ணீரும் வெளியேறும். எடைக் கருவியில் தெரியும் அந்த முதல் இறக்கத்தில் கொழுப்பு மிகக் குறைவே.

எப்போது, எந்த வரிசையில் மாறுவது

உணவை மாற்றும் மூன்று வாரங்களில் உடலிடம் புதிய சாதனை எதையும் எதிர்பார்க்கக் கூடாது. பயிற்சியின் அளவை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டு, தூக்கும் எடையை ஓரளவு அப்படியே வைத்துக்கொண்டு செட்டுகளை, அதாவது தொடர்ந்து தூக்கும் சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது நல்ல முறை. வலிமை குறையாது, களைப்பும் மிஞ்சாது. சென்னை மாரத்தான் ஜனவரியில் நடப்பதால், அதற்கு ஆயத்தமாகிறவர்கள் அக்டோபரிலோ நவம்பரிலோ இந்த மாற்றத்தைத் தொடங்குவது தவறு. ஓட்டம் முடிந்த பிறகு பிப்ரவரியில் தொடங்கினால், கத்திரி வெயில் வருவதற்குள் உடல் புதிய உணவுக்குப் பழகிவிடும். மே மாதத்தில் தொடங்குவது எவருக்குமே நல்லதன்று.

வரிசையைப் பொறுத்தவரை, முதல் வாரத்தில் சர்க்கரை, மைதா, பேக்கரிப் பண்டம், எண்ணெயில் பொரித்த நொறுக்குத் தீனி ஆகியவற்றை மட்டும் நிறுத்துங்கள். சோறு இருக்கட்டும். இரண்டாவது வாரத்தில் காலை உணவையும் இரவு உணவையும் மாற்றுங்கள். இட்லியின் இடத்தில் முட்டையும் கிழங்கும் வரட்டும். மூன்றாவது வாரத்தில் நண்பகல் சோற்றுக்கும் பருப்புக்கும் பாலுக்கும் விடை கொடுக்கலாம். பாலையும் தயிரையும் நிறுத்துகிறவர்கள் கால்சியத்துக்கு வழி தேட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். முள்ளோடு உண்ணும் நெத்திலியும், முள் கரையும்படி குழம்பில் வெந்த மத்தியும், முருங்கைக்கீரையும், எள்ளும் அதற்கு உதவும்.

சோறு போன இடத்தில் எது வர வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இந்தப் பகுதியில் சொல்வதைச் செய்யுங்கள். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு தட்டுக்கு 250 கிராம் சோறு என்றால் 70 கிராம் மாவுச்சத்து. அந்தச் சோற்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் பேலியோ வீடுகளில் மிகவும் விரும்பப்படும் காலிஃபிளவர் சோற்றை வைத்தால், 100 கிராமுக்கு 5 கிராம்தான் கிடைக்கும். எடை குறைப்பவருக்கு அது நல்ல உணவு. கடும் பயிற்சி செய்கிறவரோ வயிறு நிறைந்தும் தசை பட்டினியாக எழுந்து போகிறார்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராமும், உருளைக்கிழங்கில் 17 முதல் 20 கிராமும், சேப்பங்கிழங்கில் 25 கிராம் அளவிலும், மரவள்ளிக் கிழங்கில் 38 கிராம் வரையும் மாவுச்சத்து இருக்கிறது. உருளையைக் கண்டிப்பான பேலியோவில் சிலர் விலக்குவார்கள்; கடும் பயிற்சி செய்பவர்கள் அதை விலக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. மரவள்ளியைத் தோலுரித்து, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அதில் சயனைடு தரும் பொருள்கள் இருப்பதால் அரைவேக்காடாகவோ பச்சையாகவோ உண்ணக் கூடாது. சேனைக்கிழங்கு குழம்புக்கு மிகப் பொருத்தமானது. வேகவைத்து மசித்து, அதன் மேல் மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டால் சோற்றின் நினைவு அவ்வளவாக வராது. பொங்கலையொட்டிப் பனங்கிழங்கும் சிறுகிழங்கும் கடைவீதிக்கு வரும். அந்தச் சில வாரங்களில் அவற்றையும் மாற்றி மாற்றி உண்ணலாம்.

சர்க்கரைவள்ளியைத் தண்ணீரில் மூழ்கவிட்டு வேகவைப்பதைவிட இட்லிப் பானையில் ஆவியில் வேகவைப்பது மேலானது. கோயம்பேட்டிலோ தெருமுனைத் தள்ளுவண்டியிலோ வாங்கும்போது, கைப்பிடிக்குள் அடங்கும் பருமனில், வெட்டுக்காயமும் கரும்புள்ளியும் இல்லாதவையாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். மிகப் பெரியவற்றில் நடுப்பகுதி வேகுமுன் ஓரம் குழைந்துவிடும். மண் போகக் கழுவி, தோலோடு பானையில் அடுக்கி, இருபது இருபத்தைந்து நிமிடம் ஆவியில் வைத்துக் கத்தியைச் செருகிப் பார்த்தால் தடையில்லாமல் இறங்க வேண்டும். ஆறியதும் தோல் விரலோடு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ வேகவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொண்டால் மூன்று நாளுக்குக் கவலையில்லை. அலுவலகம் முடிந்து கிண்டியிலிருந்தோ சிறுசேரியிலிருந்தோ நேராக ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு, மிளகுத்தூளும் உப்பும் தூவிய இரண்டு கிழங்குத் துண்டுகளைக் கொண்ட டிஃபன் பாக்ஸ்தான் எளிய வழி.

எவ்வளவு உண்பது என்பது பயிற்சியைப் பொறுத்தது. தினமும் ஒரு மணி நேரம் அளவில் பயிற்சி செய்பவர்கள் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து உண்ணலாம் என்று விளையாட்டு ஊட்டச்சத்து வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கிழங்கையும் பழத்தையும் மட்டும் கொண்டு அந்த அளவை எட்டுவது கடினம். பெரும்பாலான ஜிம் பயிற்சிகளுக்கு அவ்வளவு தேவைப்படுவதும் இல்லை. கால் பயிற்சி, இடைவிட்டு ஓடும் வேக ஓட்டம், கபடி ஆட்டம் போன்ற கடினமான நாளில் கிலோவுக்கு 3 முதல் 4 கிராமும், ஓய்வு நாளில் அதில் பாதியும் என்று தொடங்கலாம். 70 கிலோ எடையுள்ளவருக்குக் கடின நாளில் இது 210 முதல் 280 கிராம் ஆகும். அரைக் கிலோ சர்க்கரைவள்ளியில் 100 கிராமும், நடுத்தர அளவிலான மூன்று வாழைப்பழங்களில் 75 கிராமும், நாள் முழுவதும் உண்ணும் காய்கறியிலும் வேறு பழங்களிலுமாக ஏறத்தாழ 50 கிராமும் வந்துவிடும். கேட்பதற்கு மிகுதியாகத் தெரியும் இந்த அளவு, இரண்டு மூன்று வேளைக்குப் பிரிந்துவிடும்போது இயல்பாகிவிடும்.

உப்பும் தண்ணீரும்

மாவுச்சத்து குறையும்போது இரத்தத்தில் இன்சுலின் குறைகிறது. இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைக் கூடுதலாக வெளியேற்றுகிறது. கடையில் வாங்கும் பண்டங்களையும் ஊறுகாய், அப்பளத்தையும் நிறுத்திவிட்டதால் உள்ளே வரும் உப்பும் குறைந்திருக்கும். இவை போதாதென்று சென்னையின் புழுக்கம்: காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கிறது, உடல் குளிர்வதில்லை, ஆகவே மேலும் வியர்க்கிறது. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகிறது. சிலருக்கு அதில் இருமடங்கும் போகும். கறுப்பு டி-சர்ட் உலர்ந்த பிறகு முதுகிலும் கழுத்தோரத்திலும் வெள்ளைக் கோடுகள் படிந்தால் நீங்கள் உப்பை மிகுதியாக இழப்பவர் என்று கொள்ளலாம். முதல் இரண்டு வாரங்களில் வரும் தலைவலி, எழுந்து நின்றால் தலைசுற்றல், தசைப்பிடிப்பு ஆகியவற்றுக்கு இந்த உப்பு இழப்பே முதல் காரணம்.

அரை லிட்டர் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பும் அரை எலுமிச்சம்பழத்தின் சாறும் கலந்தால் அதில் 500 மில்லிகிராமுக்குச் சற்று மேலாகச் சோடியம் இருக்கும். பயிற்சிக்கு முன்பும் இடையிலுமாக அதைப் பருகுவது பெரும்பாலோருக்குப் போதும். இளநீர் மிக நல்லது. ஆனால் அதில் பொட்டாசியம்தான் மிகுதி, சோடியம் குறைவு என்பதால் வியர்த்துக் கொட்டிய பிறகு வெறும் இளநீர் மட்டும் போதாது. ஒரு சிட்டிகை உப்பைக் கலந்துகொள்ளுங்கள். ஆட்டுக்கால் சூப்பும் நண்டு ரசமும் இந்த வேலையைச் சுவையோடு செய்யும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் உப்பைக் கூட்டக் கூடாது.

எவ்வளவு பருகுவது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பயிற்சிக்கு முன் குறைந்த உடையோடு எடை பாருங்கள். முடிந்ததும் உடலைத் துடைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். இடையில் பருகிய தண்ணீரையும் சேர்த்துக் கணக்கிட்டால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை அடுத்த சில மணி நேரத்தில் உணவோடும் உப்போடும் சேர்த்துப் பருக வேண்டும். உப்பே இல்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பது இரத்தத்தின் சோடியத்தை மேலும் தாழ்த்திவிடும். நீண்ட ஓட்டங்களில் இது உயிருக்கே ஆபத்தாகலாம்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும்

சென்னையில் பலரும் வெயிலுக்கு அஞ்சி ஐந்தரை, ஆறு மணிக்கே பயிற்சியைத் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு முந்தின இரவு உணவே பெரிய துணை. இரவுத் தூக்கத்தில் கல்லீரலின் கிளைக்கோஜன் கணிசமாகக் குறையும்; தசையில் இருப்பது அப்படியே இருக்கும். எனவே முந்தின இரவு கோழிக் குழம்போடு 250 கிராம் கிழங்கு உண்டிருந்தால், காலையில் ஒரு பூவன் பழமும் பால் சேர்க்காத காபியும் போதும்; அவற்றைத் தொடங்குவதற்கு அரை மணி முன்பு எடுத்துக்கொள்ளலாம். இலேசான ஓட்டமோ நடையோ மட்டும் செய்யும் நாளில் வெறும் வயிற்றோடு போவதிலும் தவறில்லை. மாலையில் பயிற்சி செய்பவர்கள் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு முன் 200 கிராம் கிழங்கும் இரண்டு முட்டையும் உண்டால் நன்றாக இருக்கும். வெண்ணெய் கலந்த காபியையும் கை நிறையப் பாதாமையும் கடும் பயிற்சிக்கு முன் தவிர்க்க வேண்டும், ஏனெனில் கொழுப்பு வயிற்றிலிருந்து மெதுவாகவே இறங்கும். குனிந்து படுத்து எழுந்து குதிக்கும் பர்ப்பி பயிற்சியைச் செய்யும்போது அது நெஞ்சுக்கு ஏறி வரும்.

பயிற்சி முடிந்த பிறகு புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து வர வேண்டும். மறுநாள்தான் அடுத்த பயிற்சி என்றால் அவசரம் தேவையில்லை, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முழு உணவை உண்டால் போதும். காலையும் மாலையும் பயிற்சி செய்பவர்கள் முதல் சில மணி நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் கிலோவுக்கு ஒரு கிராம் அளவில் மாவுச்சத்தை உண்ண முனைய வேண்டும். நேந்திரம்பழம், பேரீச்சை, மசித்த உருளை ஆகியவை எளிதில் இறங்கும்.

புரதத்துக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் என்பது நல்ல இலக்கு. 70 கிலோ எடைக்கு 112 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30 கிராம், பெரும்பாலான மீன்களில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் கிடைக்கும். வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் மூன்று நாளுக்கான கானாங்கெளுத்தியோ மத்தியோ வாங்கலாம். காசிமேட்டுக்கோ நொச்சிக்குப்பம் அங்காடிக்கோ காலையிலேயே போனால் செவுள் சிவப்பாக, கண் மங்காமல் இருப்பவை கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால் விலை ஏறும். அந்தக் காலத்தில் முட்டையும் கோழியும் கைகொடுக்கும். முட்டையும் உண்ணாத சைவர்கள் பால் பொருள்களையும் விலக்கிவிட்டுக் கடும் பயிற்சி செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் பாதாமிலிருந்து போதிய புரதத்தை எடுக்க முயன்றால் அதைவிட இருமடங்குக்கும் மேலாகக் கொழுப்பும் சேர்ந்தே வரும். அவர்கள் பனீரையும் தயிரையும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. வே புரதப் பொடியும் பாலிலிருந்து வருவதுதான். தேவைப்படுபவர் அதையும் பயன்படுத்தலாம்.

வீட்டில் மற்றவர்களுக்குச் சாம்பாரும் சோறும் வேண்டும். ஒருவருக்காகத் தனி அடுப்பு எரிப்பது நாள்பட்டு நடக்காது. பொரியலில் பருப்புக்குப் பதில் தேங்காய்த் துருவல், குருமாவில் பொட்டுக்கடலைக்குப் பதில் முந்திரியும் கசகசாவும், குழம்பில் தேங்காய்ப்பால் என்று மாற்றிக்கொண்டால் ஒரே சமையல் எல்லோருக்கும் பொருந்தும். உங்கள் தட்டில் மட்டும் சோற்றின் இடத்தில் கிழங்கு இருக்கும்.

சரியாகப் போகிறதா என்று அறிவது

நான்காவது வாரத்தில் தூக்கும் எடையும் ஓட்ட நேரமும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால், வேறெதையும் மாற்றாமல் கடின நாளில் 50 கிராம் மாவுச்சத்தைக் கூட்டி, அதாவது இரண்டு வாழைப்பழமோ 250 கிராம் சர்க்கரைவள்ளியோ சேர்த்து, ஒரு வாரம் பாருங்கள். முதல் செட்டில் வலுவாக இருந்து மூன்றாவது செட்டில் திடீரென்று ஓய்ந்துபோவது மாவுச்சத்துக் குறைவின் அடையாளம். தொடக்கத்திலிருந்தே தலை கனத்துக் கால் தளர்வது பெரும்பாலும் உப்புக் குறைவு. காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுவது, தூக்கம் கலைவது, எடை வாரத்துக்கு ஒரு விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து குறைவது ஆகியவை மொத்த உணவே போதவில்லை என்று காட்டும். தானியத்தை நிறுத்தினால் பசி இயல்பாகவே அடங்கும். அதை நம்பி உண்டால் கடும் பயிற்சி செய்பவருக்கு உணவு குறைந்துவிடும். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதோ நின்றுபோவதோ இதே காரணத்தால் நேரலாம். அதை எடை குறைவதன் பயன் என்று எண்ணிவிடாமல், பயிற்சியைக் குறைத்து உணவைக் கூட்டி மருத்துவரையும் பார்க்க வேண்டும். மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு வந்தால் அன்றைய பயிற்சியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி பெற வேண்டும்.

ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்களும் சைக்கிள் மிதிக்கிறவர்களும் வழியிலேயே உண்ண வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. பேரீச்சையில் 100 கிராமுக்கு 75 கிராம் அளவில் மாவுச்சத்து இருப்பதால், கொட்டை நீக்கிய 50 கிராம் பேரீச்சை ஒரு மணி நேரத்துக்குக் காணும். ஒரு மேசைக்கரண்டித் தேனில் 17 கிராம் இருக்கிறது, அதை உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரிலேயே கரைத்துக்கொள்ளலாம். வயிறு இதற்குப் பழகச் சில வாரம் ஆகும் என்பதால், மாரத்தானுக்கு முந்தைய நீண்ட ஓட்டங்களிலேயே ஒவ்வொன்றையும் உண்டு பாருங்கள். பேரீச்சை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஓட்டத்தன்று கடையில் கிடைக்கும், ஓட்டக்காரர்களுக்கான மாவுச்சத்து ஜெல்லைப் பயன்படுத்தினாலும், முந்தின நாள் இரண்டு வேளை சோறே உண்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மறுநாள் காலை மீண்டும் கிழங்குக்குத் திரும்பிக்கொள்ளலாம்.